பழைய பிளேன்ல காத்து லீக்: சத்தம் வர்ற எடம் ஒண்ணு, பழுது இருக்கிற எடம் இன்னொண்ணு

ஷெட்டுல நிக்கிற ஒரு பழைய பிளேன், நேத்து சாயங்காலம் காத்து பிரஷர் மீட்டர் 50 காட்டுச்சு, இன்னிக்கு காலைல 38 காட்டுது. இதை நாலு பேர் இருக்கிற எடத்துல சொல்லிப் பாருங்க. ஒருத்தர் "பைப்பு எங்கயோ ஓட்டை, டேப்பு சுத்தி நல்லா டைட் பண்ணு"ம்பார். இன்னொருத்தர் "காத்துதானே போச்சு, இஞ்சின் ஓடுனா கம்ப்ரசர் திரும்ப ஏத்திரும், விடு"ம்பார். மூணாவது ஆள் எப்பவும் இருப்பார், "பிளேன்ல எல்லாமே ஹைட்ராலிக் ஆயில்ங்க, காத்து எங்கிருந்து வந்துச்சு"ன்னு கேப்பார். மூணு பேச்சுமே தப்பான எடத்துக்குத்தான் கொண்டு போகும். அதனால இதை ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி மொதல்ல இருந்து எழுதிரலாம்னு தோணுச்சு.

நான் இருக்கிறது வாளையார் பக்கம், ஒரு கால் தமிழ்நாட்டுல இன்னொரு கால் கேரளாவுல. இந்தப் பக்கம் யாருக்கும் பிளேன் பட்டறை தெரியாது, ஆனா லாரி பட்டறை தெரியாத ஆளே கெடையாது. அதனால லாரில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

காத்துல ஓடுற பிளேன் நெஜமாவே இருக்குதா?

இருக்குது. இரண்டாம் உலகப்போர்ல பறந்த ஸ்பிட்ஃபயர்ல வீல் பிரேக்கும் ஃப்ளாப்பும் (றெக்கைக்குப் பின்னாடி கீழ மடங்கற பலகை) காத்துல வேலை செஞ்சது. நம்ம ஏர்ஃபோர்ஸ்ல அறுவது வருஷத்துக்கு மேல பறந்துட்டு 2025 செப்டம்பர்ல ஓய்வு வாங்குச்சே மிக்-21, அதோட வீல் பிரேக்கும் காத்துதான். ஆனா முழுசா காத்தையே நம்பி இருக்கிற பிளேன்னா அது யாக்-52. சோவியத் டிசைன், ருமேனியால செஞ்சது, ரெண்டு சீட்டு ட்ரெய்னிங் பிளேன். அதுல வீல் மேல போறது கீழ வர்றது, ஃப்ளாப், பிரேக், கடைசியா இஞ்சின் ஸ்டார்ட் பண்றதே காத்துதான், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் மோட்டாரே கெடையாது. காத்து இல்லைன்னா அந்த பிளேன் தரைல நிக்கிற சாமான், அவ்ளோதான். இந்தக் கட்டுரைல யாக்-52 வெச்சுத்தான் பேசப்போறேன், மத்ததெல்லாம் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ஏன் காத்து? சிம்பிள், வெயிட்டு கம்மி. ஆயில்னா வேலை முடிஞ்சதும் திரும்ப டேங்குக்கு கொண்டு வர தனி பைப்பு வேணும், காத்துன்னா வேலை முடிஞ்சதும் வெளிய ஊதிவிட்டுட்டா போதும். ஆயில் கொட்டுனா தீப்பிடிக்கும், காத்துக்கு அந்த பயமும் இல்ல. ஆனா இதுக்கு ஒரு வெல இருக்குது. ஆயில் லீக்கானா செகப்பா ஒழுகி எடத்தைக் காட்டிக் குடுத்துரும், காத்து லீக்கானா ஒரு சொட்டு அடையாளம்கூட வைக்காது. இந்தக் கட்டுரையோட தலைவலியே அதுதான்.

லாரி தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரி

லாரில இஞ்சின் ஓடுனா கம்ப்ரசர் காத்து ஏத்துது, அது டேங்குல சேருது, டிரைவர் மிதிச்சா வால்வு தொறந்து சேம்பருக்குப் போயி பிரேக்கைப் புடிக்குது, காலை எடுத்தா "புஸ்ஸ்"னு வெளிய போயிருது. யாக்-52லயும் இதேதான் வரிசை. இஞ்சின்ல ஒரு சின்ன கம்ப்ரசர். அங்க இருந்து தண்ணியும் அழுக்கும் புடிக்கிற ஃபில்டர். அப்புறம் ரெண்டு பாட்டில், மெயின் 11 லிட்டர், எமர்ஜென்சி 3 லிட்டர். பாட்டில்ல இருந்து பைலட் கையில இருக்கிற வால்வுகளுக்கு, அங்க இருந்து வீலு, ஃப்ளாப்பு, பிரேக்கு.

நம்ம பட்டறைல பிரஷரை "கிலோ"லதான் சொல்வாங்க, "எட்டு கிலோ காத்து ஏறிருச்சு"ன்னு. யாக்-52 மீட்டரும் அதே கிலோ கணக்குதான், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோன்னு. ஆனா லாரி ஏழு எட்டுல நிக்கும், இது 50. ஆறு மடங்குக்கு மேல. லாரில லேசா கசியற ஒரு ஜாயின்ட்டு இங்க ராத்திரியோட ராத்திரியா பாட்டிலைக் காலி பண்ணிரும்.

இன்னொரு வித்தியாசம், இதை ரொம்பப் பேர் கவனிக்கிறதில்ல. இப்ப வர்ற லாரில காத்து போச்சுன்னா பின்னாடி ஸ்பிரிங் தானா பிரேக்கைப் புடிச்சுக்கும், வண்டி நகராது. பிளேன்ல அப்படி இல்லவே இல்ல, காத்து போச்சுன்னா பிரேக்கும் போச்சு. அதனாலதான் எமர்ஜென்சி பாட்டில்னு ஒண்ணைத் தனியா வெச்சு, மெயின்ல காத்து முழுசா போனாலும் வீலைக் கீழ எறக்க வழி பண்ணியிருக்காங்க. (யாக்-52ல வீல் மடங்குனதுக்கு அப்புறமும் வெளியவே தெரியும், வீல் வராம வயித்தாலயே தரைல எறங்குனாலும் சேதம் கம்மியாகட்டும்னு. ட்ரெய்னிங் பசங்களைப் பத்தி டிசைன் பண்ணவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.)

இதுல மூணு வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, அடிக்கடி வரும். என்.ஆர்.வி, அதாவது காத்தை ஒரு பக்கம் மட்டும் விடற வால்வு, பாட்டில்ல ஏறுனது திரும்ப கம்ப்ரசருக்கு ஓடாம புடிச்சு வைக்கிறது. செலக்டர், பைலட் லிவரைத் தள்ளுனா காத்தை எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு முடிவு பண்ற வால்வு, வேலை முடிஞ்ச காத்து வெளிய போற ஓட்டையும் இதுலதான் இருக்கும். சிலிண்டர், உள்ள பிஸ்டன் இருக்கிற குழாய், ஒரு பக்கம் காத்து விட்டா வீல் எறங்கும், மறுபக்கம் விட்டா ஏறும்.

இதுவரைக்கும் சுருக்கமா: கம்ப்ரசர், என்.ஆர்.வி, பாட்டில், செலக்டர், சிலிண்டர், வெளிய. காத்து போற பாதை இவ்ளோதான், லீக்கும் இந்தப் பாதைல ஏதோ ஒரு எடத்துலதான்.

மீட்டர் எறங்குனா எல்லாமே லீக்கு இல்ல

இது தெரியாமத்தான் பாதி பேர் நல்லா இருக்கிற வால்வைக் கழட்டிப் போட்டு உருட்டிட்டு இருக்காங்க. காத்து சூடானா பிரஷர் ஏறும், ஆறுனா எறங்கும். தோராயமா ஒவ்வொரு 3 டிகிரிக்கும் 1 சதவீதம்னு வெச்சுக்கலாம். பாலக்காட்டுல மார்ச் ஏப்ரல்ல பகல் 40 டிகிரி, விடியக்காலைல 25க்கு வரும்னு வெச்சுக்கங்க, 15 டிகிரி வித்தியாசம், 5 சதவீதம், அதாவது 50ல இருந்த மீட்டர் ஒரு பொட்டு காத்துகூட வெளிய போகாமலே 47.5க்கு வந்து நிக்கும். அதுக்கு மேல, இஞ்சின் அப்பத்தான் நிறுத்துனா கம்ப்ரசர்ல இருந்து வந்த காத்தே சூடா இருக்கும், அதுவும் ஆறணும். அதனால பிளேன் தரை எறங்குன உடனே மீட்டரைக் குறிச்சு வெச்சா அந்த நம்பரை நம்பிப் பிரயோஜனம் இல்ல. ஒரு மணி நேரமாவது ஆற விட்டு, பிரஷரோட சேத்து அப்ப இருக்கிற டெம்பரேச்சரையும் எழுதணும், காலைலயும் ரெண்டையும் எழுதணும். டெம்பரேச்சர் இல்லாத பிரஷர் நோட்டு வெறும் காகிதம்.

இப்ப மேல சொன்ன 50, 38 கணக்கைப் பாருங்க. மொத்தம் 12 எறங்கிருக்கு, அதுல 2.5 குளிரால, மீதி 9.5 தான் நெஜ லீக்கு. பாட்டில் 11 லிட்டர், அப்ப வெளிய போன காத்து நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 12 மணி நேரத்துல போச்சுன்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 145 மில்லி, ஒரு டீ கிளாஸ் காத்து. கேக்க சின்னதா இருக்கும், ஆனா சோப்பு நுரை வெச்சா கண்டிப்பா குமிழி கெளம்புற அளவு லீக்கு அது. அதாவது, தேடுனா கெடைக்கும்.

அதே ஓட்டை எமர்ஜென்சி பக்கம் இருந்தா? அது 3 லிட்டர்தான், அதே நூறு சொச்சம் லிட்டர் போகணும்னா மீட்டர் 35 எறங்கணும். அதனால எமர்ஜென்சி மீட்டர் சரசரன்னு எறங்குதேன்னு பெரிய ஓட்டைன்னு பயப்பட வேண்டாம், மெயின் மெதுவா எறங்குதேன்னு அலட்சியமும் வேண்டாம், பாட்டில் சைஸையும் சேத்து கணக்குப் போடணும்.

தேடறதுக்கு முன்னாடி பாகம் பிரிங்க

சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷுமா நேரா உள்ள எறங்கிட்டா அன்னிக்குப் பொழுது போச்சு. பிளேன் பூரா நூத்துக்கணக்குல ஜாயின்ட்டு, பாதி பேனலுக்கு உள்ள. மொதல்ல எந்தப் பாகத்துல லீக்குன்னு சுருக்கணும்.

காக்பிட்ல மெயின் காத்தை மூடறதுக்கு ஒரு குழாய் வால்வு இருக்குது. ஒரு ராத்திரி அதை மூடி வைங்க, மறுநாள் ராத்திரி தொறந்து வைங்க, மத்த எதையும் தொடாம. மூடுனப்ப பிரஷர் நின்னு தொறந்தப்ப எறங்குச்சுன்னா லீக்கு அந்த வால்வுக்கு அந்தாண்ட, அதாவது செலக்டர், சிலிண்டர், பிரேக் பக்கம். மூடியும் எறங்குதுன்னா பாட்டில் பக்கம், அதாவது பாட்டிலோட ஜாயின்ட்டு, வெளிய இருந்து காத்து ஏத்தற வால்வு, மீட்டருக்குப் போற பைப்பு, இல்லைன்னா என்.ஆர்.வி. ரெண்டே ராத்திரில பாதி பிளேனைக் கழிச்சாச்சு. நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பொறுமைதான் வராது, ஸ்பேனரைக் கையில எடுத்தாத்தான் வேலை நடக்கிற மாதிரி ஒரு நெனப்பு.

அந்தாண்ட பக்கம்னு முடிவானா இன்னும் பிரிக்கலாம். பிரேக் லிவரை அமுக்கிப் புடிச்சப்ப மட்டும் சத்தம் வருதா, அப்ப பிரேக் லைன். ஃப்ளாப் எறக்குனா மட்டும் வருதா, ஃப்ளாப். வீல் லிவர் ஒரு பொசிஷன்ல இருந்தா வருது இன்னொண்ணுல வரலையா, வீல் சர்க்யூட். ஆனா வீல் லிவரைத் தொடறதுன்னா பிளேன் ஜாக்கில தூக்கி நிக்கணும், தரைல நிக்கும்போது தள்ளிப் பாக்கலாம்னு நெனச்சா கால் மடங்கி மூக்கு குத்திக்கும்.

சத்தத்தை நம்பாதீங்க

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே ஆரம்பிச்சேன்.

கஞ்சிக்கோடு பக்கம் எந்த லாரி பட்டறைலயும் நடக்கிற பேச்சு இது. (ரிலே வால்வுங்கிறது பின் பிரேக்குக்குக் காத்தை அனுப்பற வால்வு.) டிரைவர் வந்து, "சேட்டா, ரிலே வால்வுல காத்து ஊதிட்டே இருக்குது, புதுசு ஒண்ணு போட்டுருங்க"ம்பார். வெவரம் இல்லாத ஆளா இருந்தா வால்வை மாத்தி காசை வாங்கிட்டு அனுப்பிருவார், புது வால்வும் ஊதும். வெவரமான ஆள், "இருப்பா, ஹேண்ட்பிரேக்கைப் போடு, இப்ப நிக்குதா? எடு, இப்ப ஊதுதா? அப்ப வால்வு நல்லாத்தான் இருக்கு"ன்னு நேரா பின் சேம்பருக்குப் போவார். ஸ்பிரிங் சேம்பருக்கும் பிரேக் சேம்பருக்கும் நடுவுல ஒரு சீல் இருக்கும், அது போச்சுன்னா இந்தப் பக்கத்துக் காத்து அந்தப் பக்கம் போயி, வந்த பைப்புலயே திரும்பி, ரிலே வால்வோட ஓட்டை வழியா வெளிய வரும். வால்வு பாவம் வழி விட்டது மட்டும்தான், தப்பு சீலோடது.

பிளேன்ல அச்சு அசல் இதேதான். வீலைக் கீழ எறக்கி வெச்சிருக்கோம், சிலிண்டரோட எறங்கற பக்கம் 50 கிலோ காத்து, ஏத்தற பக்கம் காலி, ஏன்னா அந்தப் பக்கத்தை செலக்டர் வெளிக்காத்துக்குத் தொறந்து விட்டிருக்கும். பிஸ்டன் மேல இருக்கிற சீல் தேஞ்சிருந்தா காத்து பிஸ்டனைத் தாண்டி ஏத்தற பக்கத்துக்கு கசியும், அங்க இருந்து பைப்பு வழியா காக்பிட்டுக்கு வந்து, செலக்டரோட ஓட்டைல "உஸ்ஸ்"னு போகும். கேக்கிறவன் காதுக்கு செலக்டர்தான் லீக்கு, கழட்டி சர்வீஸ் பண்ணி திரும்பப் போட்டாலும் "உஸ்ஸ்" அப்படியே இருக்கும், ஏன்னா பழுது றெக்கைல இருக்குது.

பிரிச்சுப் பாக்க வழி இருக்குது. பிளேன் ஜாக்கில, காத்தை முழுசா எறக்கிட்டு, சிலிண்டர்ல ஏத்தற பக்கத்துப் பைப்பை மட்டும் கழட்டுங்க. இப்ப எறங்கற பக்கம் திரும்ப காத்து விடுங்க. கழட்டுன எடத்துல சிலிண்டர் வாய்ல காத்து வந்தா பிஸ்டன் சீல். அங்க வராம செலக்டர்ல இன்னும் ஊதுனா செலக்டர்தான் குத்தவாளி. பத்து நிமிஷ வேலை, ஒரு செலக்டரைக் கழட்டி மாட்டறது ஒரு நாள் வேலை.

பாட்டில் பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு ஏமாத்து இருக்குது. என்.ஆர்.வி சீட்டுல, அதாவது வால்வு மூடி படியற எடத்துல, ஒரு துரு துணுக்கு உக்காந்தா காத்து பின்னாடி ஓடி கம்ப்ரசர் வழியா போகும். வெளிய எங்க சோப்பு போட்டாலும் குமிழி வராது. கம்ப்ரசர் பக்கம் பைப்பைக் கழட்டி அந்த முனைல நுரை வெச்சாத்தான் பிடிபடும்.

சுருக்கமா: ஊதற எடம் காத்து வெளிய வர்ற கதவு. திருடன் வீட்டுக்குள்ள எந்த ரூம்லயும் இருக்கலாம்.

கண்ணு, காது, நுரை

பாகம் தெரிஞ்சதுக்கு அப்புறம் நுரை. கை கழுவற சோப்பு, பாத்திரம் தேய்க்கிற திரவம் எல்லாம் அவசரத்துக்கு ஓகே, ஆனா சிலதுல இருக்கிற உப்பும் அம்மோனியாவும் அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும், அதனால லீக் பாக்கறதுக்குன்னே விக்கிற திரவம் நல்லது, எதைப் போட்டாலும் முடிச்சதும் நல்ல தண்ணில கழுவித் தொடைக்கணும். பெரிய லீக்குன்னா நுரை பறந்துரும், அதைப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு போயிருவாங்க. சின்ன லீக்குன்னா நட்டோட ஓரத்துல வெள்ளையா பொடிப்பொடியா ஒரு மோதிரம் மாதிரி நுரை கட்டும், ஒரு நிமிஷம் காத்திருந்தாத்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசற மாசத்துல ஷெட்டு கதவைச் சாத்திட்டுப் பண்ணுங்க, இல்லைன்னா நுரையும் நிக்காது, காதுலயும் ஒண்ணும் விழாது. காசு இருக்கிறவங்க அல்ட்ராசோனிக் கருவி வெச்சிருப்பாங்க, நம்ம காதுக்கு எட்டாத சத்தத்தை எட்ட வைக்கும், எரைச்சலான எடத்துல ரொம்ப உதவும்.

கையை வெச்சு மட்டும் தடவிப் பாக்காதீங்க. 50 கிலோ காத்து தோலுக்குள்ள பூந்துரும். பிரஷர் இருக்கும்போது நட்டைத் தளத்தறதும் அதே ரகம். காத்து ஏத்தறதுக்கு காஞ்ச காத்து இல்ல நைட்ரஜன், ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்து மாட்டவே கூடாது, உள்ள இருக்கிற எண்ணெய்ப் பசையோட சேந்தா வெடிக்கும்.

பெரும்பாலும் மாட்டறது யாரு

மொதல் ஆள் ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம். பறக்காம நிக்கிற பிளேன்லதான் அது சீக்கிரம் கெடும், ஒரே எடத்துல அழுந்திக் கெடந்து கெடந்து, உருண்டையா இருந்தது ஒரு பக்கம் தட்டையாயிரும். கழட்டி வெரல்ல வளைச்சுப் பாருங்க, வெளிப்பக்கம் முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா கதை முடிஞ்சது. பாக்க அதே சைஸ்னு கடைல கெடைச்ச வளையத்தை போடக் கூடாது, புத்தகத்துல சொன்ன ரப்பர், சொன்ன சைஸ்.

ரெண்டாவது ஃப்ளேர், அதாவது பைப்போட வாயை புனல் மாதிரி விரிச்சு வெச்சிருக்கிறது. சீல் ஆகறது அந்த விரிஞ்ச வாய்லதான், மரைல இல்ல. அதனால மரைல டெஃப்லான் டேப்பு சுத்தறதுல ஒரு புண்ணியமும் இல்ல, அது பிஞ்சு துணுக்கா போயி வேற வால்வுல அடைக்கும், லீக்கு ஒண்ணு இருந்தது ரெண்டாகும். "இன்னும் ஒரு இழு இழு"ன்னு டைட் பண்றதும் அப்படித்தான், அலுமினிய வாய் நசுங்கி மெலிஞ்சு நட்டுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

மூணாவது தண்ணி. கம்ப்ரசர் வெளிக்காத்தைத்தான் இழுக்குது, ஜூன் ஜூலைல இங்க காத்துல இருக்கிற ஈரத்தை அமுக்கி ஆற வெச்சா தண்ணி ஆகாம என்ன ஆகும்? ஃபில்டர்ல இருந்து ஒழுங்கா வடிக்கலைன்னா அது பாட்டில் அடில நிக்கும், துரு புடிக்கும், அந்தத் துருதான் மேல சொன்ன என்.ஆர்.வி சீட்டுல வந்து உக்காரும். லாரில டேங்கு அடில கயித்தை இழுத்து தண்ணி விடற டிரைவரும் இருக்கார், வருஷக்கணக்கா அதைத் தொடாத டிரைவரும் இருக்கார், ரெண்டு வண்டி வால்வையும் கழட்டிப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

ஸ்டார்ட் லைன்: இதுல வெளையாட வேண்டாம்

யாக்-52ல இருக்கிற எம்-14பி இஞ்சின்ல ஒம்போது சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணும்போது பாட்டில் காத்து முறை வெச்சு ஒவ்வொரு சிலிண்டருக்கா போயி பிஸ்டனைத் தள்ளும், ப்ரொப்பெல்லர் சுத்தும். அப்ப இந்த லைன்ல இருக்கிற வால்வு லீக்கானா காத்து யாரும் கேக்காமலே இஞ்சினுக்குள்ள போகுதுன்னு அர்த்தம், ப்ரொப்பெல்லர் அசையலாம். அதனால இந்தப் பக்கம் லீக்கு தேடும்போது ப்ரொப்பெல்லர் சுத்தற வட்டத்துக்குள்ள ஒரு கையோ தலையோ இருக்கக் கூடாது, காத்தை மூடாம கிட்டப் போகவும் கூடாது. இந்தியால சிவில் பிளேன்ல பழுது பாத்தா லைசென்ஸ் இருக்கிற ஏ.எம்.இ (பிளேன் பராமரிப்பு இஞ்சினியர்) கையெழுத்து வேணும், இந்த லைன்ல அவரை நேர்லயே நிக்க வெச்சுக்கறது நல்லது.

ஒவ்வொரு சிலிண்டர் வாய்லயும் ஒரு சின்ன ஸ்டார்ட் வால்வு இருக்கும், காத்து உள்ள போகலாம், உள்ள எரியற நெருப்பு திரும்ப வரக் கூடாது. இது சரியா மூடாம நின்னுச்சுன்னா இஞ்சின் ஓடும்போது சூடான புகை அந்த மெல்லிசு பைப்புக்குள்ள பின்னாடி வரும். ஒம்போது பைப்பையும் வரிசையா டார்ச் அடிச்சுப் பாருங்க, எட்டு ஒரே நிறமா இருந்து ஒண்ணு மட்டும் சிலிண்டர் கிட்ட பழுப்பேறி பெயின்ட் பொரிஞ்சிருந்தா, பைப்பை மட்டும் மாத்திட்டு வந்தா அடுத்த ரவுண்டுல புதுசும் கருகும், அந்த சிலிண்டரோட வால்வைக் கழட்டுங்க.